கெல்வே வீட்டுக் கூரைப் பனி

அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள், கண்ணுகளா. கதவிடுக்கில் காற்று வருகிறது, போர்வையை இழுத்துக் கால்களை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டர் ஓடைக்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் தூக்கம் வரும், பயம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

ஹெஸ்டர் கெல்வேயின் மேல் விழுந்த பனி உருகாது. தலையில் விழுந்தால் தலையில் நிற்கும், இமையில் விழுந்தால் இமையில் நிற்கும். வீட்டுக்குள் வந்து கணப்புக்கு எதிரே உட்கார்ந்தாலும் அப்படியே வெள்ளை வெளேரென்று இருக்கும். அதனால் அவள் கணவர் ஆம்புரோஸ் வாசலிலேயே அவளை நிறுத்தி, வேலிக்கம்பத்தைத் துடைப்பதுபோல ஒரு வாத்துச் சிறகால் தலையிலிருந்து பாதம் வரை தட்டிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போவார். அவளும் கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு பொறுமையாக நிற்பாள். அந்த ஆண்டு கோதுமை விளைச்சல் சுமார், ஓடைமேல் போட்ட மரப்பாலம் இற்றுப்போனது, ஹெஸ்டர் மேல் பனி உருகவில்லை. ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

அவள் பிறந்தது இந்தக் கனடாக் காட்டில் இல்லை. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பக்கம், லார்ட்டர் குடும்பத்தில். அந்த வீட்டில் எல்லோரும் எழுதினார்கள். அப்பா விவசாயம் பற்றி எழுதினார், மூத்தவள் தியோடோசியா கதை எழுதினாள், நடுவிலவள் லவீனியா பாட்டுக் கட்டினாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் மேசையில் முதலில் யார் "எனக்கு" என்று சொல்கிறார்களோ, அவருக்கே அது சொந்தம். அவர் மட்டும்தான் அதை எழுதலாம். நடந்தது யாருக்கு என்பது கணக்கில்லை. கடைக்குட்டி ஹெஸ்டரோ வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே பெண்ணும் அவள்தான். அவள் மென்று விழுங்குவதற்குள் அக்காக்கள் இருவரும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டி உடைந்து அவள் உள்ளே விழுந்தாள். தோட்டக்காரர் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். மறுநாள் மேசையில் பல் கிட்டிக்கச் சொல்லிவிட்டு அவள் ஒரு வாய் ரொட்டி கடித்ததும் லவீனியா கரண்டியைக் கீழே வைத்து, "எனக்கு!" என்றாள்.

"விழுந்தது நான்" என்றாள் ஹெஸ்டர், ரொட்டியை விழுங்கிவிட்டு.

"விழுந்த நீ ஏன் வாயத் தொறக்கல?" என்றாள் லவீனியா.

"யாரு விழுந்தா என்ன, யாரு எழுதினா என்ன? வீட்டுக்குள்ளதானே இருக்கு" என்று அப்பா முட்டையை உடைத்தார்.

குளத்துப் பாட்டு ஒரு குழந்தைகள் மலரில் அச்சாகி வந்தது. அது அச்சான வாரத்திலிருந்து ஹெஸ்டரின் கால்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தெரியவில்லை. ஓடையில் முழங்கால்வரை நின்றாலும் தரைவிரிப்பின் மேல் நிற்பதுபோலத்தான் இருந்தது. மருத்துவர் ஊசியால் குத்திப் பார்த்தார், வலித்தது. தண்ணீர் மட்டும்தான் போயிருந்தது. அம்மாவுக்கு இதில் வருத்தமில்லை. மழை நாளில் கோழிக்கூட்டுக்கு அனுப்ப ஆள் கிடைத்தது. அச்சாவது எதுவோ அது அவளைவிட்டுப் போய்விடுகிறது என்று வீட்டுக்கு மெல்லப் புரிந்தது. கண்பார்வை மங்குகிற பெண்ணோ திக்குவாய்ப் பெண்ணோ இருக்கும் வீடுகளைப்போல, அவர்களும் அதைப் பற்றிப் பேசாமல் பழகிக்கொண்டார்கள்.

பிறகு ஆம்புரோஸ் கெல்வே வந்தார். கப்பற்படையில் பாதிச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், கனடாவில் இலவச நிலம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டவர். மொச்சை பூத்துக் கிடந்த வயலில், வேலி தாண்டும் படியில் அவளை உட்காரவைத்து, என்னோடு வருகிறாயா என்று கேட்டார். பூ வாசத்தில் தலை சுற்றியது என்று மறுநாள் மேசையில் அவள் சொல்லித் தொலைத்தாள். அதையும் லவீனியாதான் எடுத்தாள். ஆனால் உடனே எழுதவில்லை, நல்ல எதுகை கிடைக்கட்டும் என்று ஊறப் போட்டாள். கப்பல் ஏறுகிற அன்று தியோடோசியா தங்கையின் தொப்பி நாடாவைக் கட்டிவிட்டபடி சொன்னாள்: "ஹெட்டி, எல்லாத்தையும் எழுது. கரடி வந்தா கரடி, காய்ச்சல் வந்தா காய்ச்சல். எதையும் வீணாக்கிடாத."

ஹெஸ்டர் வீணாக்கவில்லை. ஓட்டர் ஓடைக்கரையில் மரத்தை வெட்டி, அதே மரத்தில் வீடு கட்டினார்கள், முதல் குளிர்காலத்திலேயே அந்த வீடு தீப்பிடித்து எரிந்தது. எழுதி அனுப்பினாள். கோதுமையில் துரு நோய் விழுந்து, வசந்தம் வரும்வரை உருளைக்கிழங்குத் தோலும் உப்புப் பன்றிக்கறியுமாக ஓட்டியதை எழுதினாள். தியோடோசியா அவற்றையெல்லாம் ஒரு புத்தகமாக்கினாள். காட்டையே பார்க்காத அவள் காட்டை எழுதியதற்காக லண்டனில் விருந்து வைத்தார்கள். இந்த ஏரிக்கரையும் ஓடையும் எங்களுக்கு முன்னால் யாருடையவை என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அக்கா கேட்கவில்லை, தங்கையும் எழுதவில்லை. புத்தகம் வந்த பிறகு நெருப்பு ஹெஸ்டரைச் சுடுவதை நிறுத்தியது. மார்ச் மாதம் மேப்பிள் சாறு காய்ச்சும்போது ஊரே அவளைக் கூப்பிட்டனுப்பும். கொதிக்கிற கொப்பரைக்குள் கையை விட்டுப் பாகு பதம் பார்த்துச் சொல்வாள், அடுப்புக் கங்குகளை விரலால் ஒதுக்குவாள். பக்கத்து நிலத்து ஐரிஷ்காரி நோரா கெராட்டி, "இந்தக் கை எனக்கு இருந்தா இடுக்கியே வாங்கியிருக்க மாட்டேன்" என்பாள். பசியும் போனது. சாப்பிட்டாயா என்று ஆம்புரோஸ் நாள்தோறும் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஒருநாள் மொச்சை வயல் பாட்டும் எதுகை கிடைத்து அச்சாகி வந்தது. ஆம்புரோஸ் அதைக் கணப்பருகில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓசை நல்லா வந்திருக்கு" என்றாள் ஹெஸ்டர்.

"அந்த வாசம்... உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. மொச்சை. நீங்க நீலக் கோட்டு போட்டிருந்தீங்க."

எல்லாம் நினைவிருந்தது, ஒன்றும் குறையவில்லை. அதுதான் ஆம்புரோசுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவரிடம் நல்ல விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டாள், அவரும் நல்ல விருந்தாளியைப்போல வாழக் கற்றுக்கொண்டார். சிணுங்கவில்லை. விறகு வெட்டினார்.

அதற்கடுத்த ஆண்டுதான் ஜாஸ்பர் பிறந்தான். அவன் யார் புத்தகத்திலும் இல்லாத பிள்ளை. ஹெஸ்டர் பிறந்த வீட்டுக்கு எழுதும்போது பெரணிச் செடிகளைப் பற்றியும் காட்டுப் புறாக்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினாள், கடைசியில் "பையன் சுகம்" என்பதோடு நிறுத்தினாள். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த ஒரே சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்வதுபோல அவனை வைத்துக்கொண்டாள். அவனுக்கு நான்கு வயதான பிப்ரவரியில் தொண்டை அடைப்புக் காய்ச்சல் வந்தது. நோரா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு காலையில், ஓடைப் பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை போயிருந்தான். ஹெஸ்டர் அவனைத் தோளில் போட்டு, அவன் முகத்தைத் தன் கழுத்துக் குழியில் வைத்தபடி, உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் எங்கள் மண் இரும்பு. கடப்பாரை தெறிக்கும். குளிர்காலத்தில் செத்தவர்கள் மண் இளகும்வரை கொட்டகையில் காத்திருக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். ஜாஸ்பரும் விறகுக் கொட்டகையில், உயரப் பரண்மேல், ஆம்புரோஸ் செய்த பெட்டியில் காத்திருந்தான். ஹெஸ்டர் நாள் தவறாமல் ஏணி ஏறிப் போய் அவன் சால்வையைச் சரிசெய்துவிட்டு வருவாள். எரியாத கையும் பசிக்காத வயிறுமாக இருந்தவளுக்கு இது மட்டும் வலித்தது. எப்படி வலித்ததென்றால், கெல்வே வீட்டுக் கூரையில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி நிற்கவில்லை. ஊர்க் கூரைகள் எல்லாம் இடுப்பளவு பனி சுமந்து முனகிக்கொண்டிருக்க, அவர்கள் கூரை மட்டும் ஈரப் பலகையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மே மாதம் பிள்ளையைப் புதைத்தார்கள். அடுத்த குளிர்காலமும் கூரை வெறுமையாகவே இருந்தது, அதற்கடுத்ததும். ஊர்க் குருவிகள் எல்லாம் அங்கே போய்த்தான் ஒதுங்கின.

"உன் அக்காவுக்கு எழுதிப் போட்டுடேன் ஹெஸ்டர்" என்று ஆம்புரோஸ் ஒருமுறை சொன்னார். "அச்சாயிட்டா உனக்கு நிம்மதி."

"நிம்மதி வேண்டாம்" என்றாள். "வலிக்கிறது ஒண்ணுதான் இருக்கு. அதையும் குடுத்துட்டா அவன் எங்க இருப்பான்?"

மொச்சை வயல் பாட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கேள்வி தெரிந்த கேள்வி.

ஆண்டுகள் போயின. பாலம் வந்தது, தேவாலயம் வந்தது, ஆலை வந்தது, கூரையில் பனி வரவில்லை. ஒரு கோடையில் படகில் தியோடோசியாவே வந்து இறங்கினாள். கறுப்புப் பட்டுக் கவுனும் மூன்று பெட்டிகளுமாக, கொசுவை விசிறியால் விரட்டிக்கொண்டு வந்தாள். முதல் புத்தகம் பழசாகிவிட்டது, இரண்டாவது கேட்கிறார்கள் என்றாள். கெட்ட மனுஷி என்று நினைத்துவிடாதீர்கள். தங்கையைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழுது முடித்ததும் கேட்டாள்.

"உன் பையன் எப்படிப் போனான்னு நீ எழுதவே இல்லையே, ஹெட்டி."

"எழுத ஒண்ணும் இல்லக்கா. காய்ச்சல்."

"காய்ச்சலுக்குக்கூட ஒரு விதம் இருக்குமில்ல?"

"டீ ஆறுது, குடி."

தியோடோசியா டீயைக் குடித்துவிட்டு நோரா வீட்டுக்கு நடந்தாள். இந்த இடத்தில் நோராவைத் திட்டாதீர்கள். அவள் பிறந்த ஊரில் சாவு வீட்டுக்கு ஒப்பாரிக்காரிகளைக் கூப்பிடுவார்கள். பத்துப் பெண்கள் கூடி அழுதால் பெற்றவளுக்குப் பத்தில் ஒரு பங்குதான் பாரம் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே காட்டில் ஒப்பாரிக்கு ஆளில்லாமல் ஹெஸ்டர் தனியாகச் சுமக்கிறாளே என்று அத்தனை ஆண்டுகளும் அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இங்கிலாந்து முழுக்க உட்கார்ந்து அழுதால் இந்தப் பெண் கொஞ்சம் தூங்குவாளே என்று நினைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த தியோடோசியா, பழக்க தோஷத்தில் நோராவின் மேசையைத் தட்டி, "எனக்கு" என்றாள். மேசையில் வேறு யாரும் இல்லை. ஏரி உறைவதற்குள் கிளம்பியும் போய்விட்டாள்.

உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் நோராவுக்கு மனம் உறுத்தியது. கெல்வே நிலத்துக்கு வந்து, மண்வெட்டியோடு நின்றிருந்த ஹெஸ்டரிடம் சொல்லிவிட்டாள்.

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். "என்னென்ன சொன்ன?"

"எல்லாந்தான் ஹெஸ்டரம்மா. காய்ச்சல் வந்தது, நாம மாத்தி மாத்தி நெஞ்சுல வாத்துக் கொழுப்பு தடவினது..."

"ம்."

"அவன் மரக் குதிரைக்கும் மருந்து குடுன்னு அழுதது. பொட்டியைப் பரண்ல ஏத்தினது. நீங்க நித்தமும் ஏணி ஏறினது. சால்வை. கூரை."

"ம். சால்வையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். உங்க நல்லதுக்குன்னுதான் தாயி. நீங்க படுற பாட்டைப் பாக்க முடியல."

"அந்தக் காலையில நீ தண்ணிக்குப் போனியே. போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓடையில இருந்தேன்."

"அக்கா கேக்கலையா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னேன். பரவால்ல, அந்த இடத்த நானே போட்டுக்கறேன்னாங்க."

ஹெஸ்டர் கையில் இருந்த மண்ணைக் கவுனில் துடைத்துவிட்டு, அந்தக் கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

"அப்போ மிச்சம் எனக்கு" என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் சொன்னது அன்றைக்குத்தான். உருளைக்கிழங்குச் செடியைத் தவிரக் கேட்க ஆளில்லை. நோரா எதிரே நின்றாலும் அவளுக்கு அது என்னவென்று தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் முதலில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பனி கொட்டியது, கெல்வே கூரை ஆவி விட்டது. ஊரார் தேவாலயத்துக்குப் போகிற வழியில் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மார்ச் மாதத்தில் ஒரு காலை, கூரையில் பனி நின்றது. சாளரத்துக்கு மேலே வழிந்து, புகைபோக்கியைச் சுற்றி, பக்கத்து வீட்டுக் கூரைகளைப்போலவே பருத்துக் கிடந்தது. லண்டனில் புத்தகம் அச்சாகிவிட்டது என்று ஓடைக்கரைக்கு அப்படித்தான் தெரிந்தது. கப்பல் வந்து செய்தி சேர இன்னும் நாளிருந்தது. குருவிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. நோரா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தாள்.

"வா நோரா, உக்காரு. டீ போடறேன்" என்றாள் ஹெஸ்டர். அவள் முகம் சலவை செய்த துணிபோல இருந்தது. "ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஜாஸ்பர்னு எனக்கு ஒரு பையன் இருந்தான் பாரு. நல்ல பையன். நாலு வயசுல போயிட்டான்."

அந்த வீட்டில் அன்றைக்கு ஒப்பாரி வைத்தது நோராதான். ஹெஸ்டர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, ரொட்டியில் பாகு ஊற்றிக் கொடுத்தாள்.

மே மாதம் பனிக்கட்டி உடைந்து படகு வந்தது, படகில் புத்தகமும் வந்தது. தியோடோசியா நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நோரா தண்ணீருக்குப் போன நேரத்தை தான் சொன்னபடியே தானே நிரப்பியிருந்தாள். பையன் கண் திறந்து, தேவதைகள் வாசலில் நிற்கிறார்கள் அம்மா, அழாதே என்று மூன்று பக்கத்துக்குப் பேசினான். அந்தப் பக்கங்களைப் படித்து இங்கிலாந்தில் வீடு வீடாக அழுதார்கள். முன்பின் தெரியாத பெண்கள் ஹெஸ்டருக்கு எழுதினார்கள். ஒருத்தி குழந்தைத் தொப்பி ஒன்று பின்னி அனுப்பினாள். ஹெஸ்டர் எல்லோருக்கும் ஒரு பெரணி இலையை உலர்த்தி, நன்றியோடு அனுப்பிவைத்தாள். ஆம்புரோஸ் அந்த மூன்று பக்கங்களைப் படித்துவிட்டு, "நம்ம புள்ள இப்படியெல்லாம் பேசினானா?" என்றார்.

"இல்ல" என்றாள் ஹெஸ்டர். அவர் மறுபடி பார்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நவம்பரில்தான், நான் முதலில் சொன்னேனே, அது தொடங்கியது. தேவாலயம் விட்டு எல்லோரும் வெளியே வரும்போது முதல் பனி விழுந்தது. மற்றவர்கள் தோளில் விழுந்தது உருகியது, ஹெஸ்டர் மேல் விழுந்தது நின்றது. தொப்பியில், புருவத்தில், கையுறை போடாத கையில், சமாதிக் கல்மேல் படிவதுபோலப் படிந்தது. போதகர் பார்த்தார், ஆலைக்காரர் பார்த்தார், குளிர் சீக்கிரம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். நோரா மட்டும் கிட்டப் போனாள். இடது பக்கக் கழுத்துக் குழியில், காதுக்குக் கீழே, ஒரு குழந்தையின் முகம் பதிகிற அளவுக்கு ஓரிடம் ஈரமாக இருந்தது. அங்கே விழுந்த பனி விழுந்தவுடன் உருகி, கழுத்துப்பட்டை நனைந்து, லேசாக ஆவிகூட வந்தது. நோரா வாயைத் திறந்தாள். பிறகு, அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், வாயை மூடிக்கொண்டாள். தன் சால்வை முனையால் அந்த ஈரத்தை ஒற்றிவிட்டு, "பாத்துப் போங்க ஹெஸ்டரம்மா, வழுக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் எல்லாம் அப்படித்தான். ஆம்புரோஸ் வாத்துச் சிறகால் அவளைத் தட்டிவிடும்போது அந்த ஒரு இடத்துக்கு வந்ததும் சிறகை எடுத்துவிடுவார். அங்கே தட்ட ஒன்றும் இருக்காது. கழுத்துப்பட்டையை மட்டும் கணப்பில் உலர வைப்பார். அவரும் கேட்கவில்லை. தியோடோசியா மூன்றாவது புத்தகத்துக்காகப் பலமுறை கேட்டு எழுதினாள். ஹெஸ்டர் பெரணி இலை அனுப்பினாள்.

ஆம்புரோஸ் போன பிறகு பல ஆண்டுகள் கழித்து, கிழவியாகி, ஒரு ஜனவரியில் ஹெஸ்டரும் போனாள். மண் இரும்பாக இருந்ததால் வழக்கப்படி அவளும் அதே விறகுக் கொட்டகையில் வசந்தத்துக்குக் காத்திருந்தாள். நோராவின் பெண்கள் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். உறைபனி அவள்மேல் சர்க்கரைபோலப் பூத்திருந்ததாம், கழுத்தின் அந்த இடம் மட்டும் கடைசிவரை வெதுவெதுப்பாக இருந்ததாம். மே மாதம் மகன் பக்கத்திலேயே புதைத்தார்கள். புத்தகங்கள் எங்கோ போய்விட்டன. இந்த ஊர் வாசகசாலையில் ஒன்று இருந்தது, எலி தின்றுவிட்டது. நோரா ஓடைக்குப் போனதற்கும் வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரும் இல்லை. பனிக்காலத்தில் எங்கள் தேவாலயத்துத் தோட்டம் முழுக்க மூடிக் கிடக்கும்போது அந்தக் கல்லறைமேல் ஒரு சாண் இடத்தில் மட்டும் புல் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டு, அங்கே குனிந்து விரலைச் சூடேற்றிக்கொண்டு போகிறார்கள். மணி அடித்துவிட்டால் ஓடிவிடுவார்கள்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் கூரை பாரம் தாங்கட்டும், உங்கள் அடுப்பில் காலைவரை ஒரு கங்கு இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும், யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஒன்று இருக்கட்டும், அது என்றைக்கும் ஆறாமல் இருக்கட்டும்.